நவூருவின் கடைசி விமானம்

காரில் கிளம்பினால் அரை மணி நேரத்தில் நவூருவைச் சுற்றி வந்துவிடலாம். பசிபிக் கடலில், நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே இருக்கும் இந்தத் தீவு நாட்டின் மொத்தப் பரப்பே 21 சதுர கிலோமீட்டர்தான். இருப்பது ஒரே ஓடுபாதை. ஊர்ச் சாலை அதை ஒட்டியே போகிறது. விமானம் வந்து இறங்கும் நேரத்தில் வண்டிகளை நிறுத்தி வைப்பார்கள்.

இந்த நாட்டுக்கு 1980களின் தொடக்கத்தில் ஏழு போயிங் ஜெட் விமானங்கள் சொந்தமாக இருந்தன. அன்றைய மக்கள்தொகையில் ஏறக்குறைய பத்தில் ஒருவரை ஒரே சமயத்தில் ஏற்றிச் செல்ல அவை போதும்.

பணம் மண்ணிலிருந்து வந்தது. தீவின் நடுப்பகுதி முழுக்கப் பாஸ்பேட். ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வயல்களுக்கு உரம் அதிலிருந்துதான் போனது. 1968-ல் விடுதலை பெற்ற நவூரு, 1970-ல் சுரங்கத்தைத் தன் கைக்குக் கொண்டுவந்தது. நாட்டின் சொந்த விமான நிறுவனமான 'ஏர் நவூரு'வும் அதே ஆண்டில் பறக்கத் தொடங்கியது. மெல்போர்ன், ஹாங்காங், மணிலா, ஹொனலூலு என்று வழித்தடங்கள் நீண்டன. ஆனால் பெரும்பாலான இருக்கைகள் காலி. விழுந்த நஷ்டத்தையெல்லாம் பாஸ்பேட் பணம் அடைத்தது.

சுரங்கம் வற்றத் தொடங்கியதும் விமானங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு 737. கடன் பாக்கிக்காக அதையும் 2005 டிசம்பரில் அமெரிக்க ஏற்றுமதி இறக்குமதி வங்கி மெல்போர்னில் ஜப்தி செய்தது.

ஊதாரித்தனத்துக்குக் கிடைத்த தண்டனை என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. அது பாதி உண்மைதான். தேவைக்கு மேல் விமானம் வாங்கியது பெரும் தவறு. ஆனால் ஒரு விமானமாவது வேண்டும் என்பது ஆடம்பரமே அல்ல. அன்று நவூருவில் கப்பல் கரையணையும் துறைமுகம் கிடையாது. கப்பல் கடலிலேயே நிற்க, சரக்கைப் படகுகளில் மாற்றித்தான் கரை சேர்த்தார்கள். பெரிய சிகிச்சை என்றால் நோயாளி வெளிநாட்டுக்குப் பறந்தாக வேண்டும். பத்தாயிரம் பேருக்காக எந்தத் தனியார் நிறுவனம் லாபம் பார்த்து வரும்? அந்த விமானத்தை நம்பியிருந்த பக்கத்து நாடான கிரிபாட்டியும் சேர்ந்தே தவித்தது.

தைவான் கைகொடுத்தது. அதன் உதவியால் ஒரு 737-300 வாங்கப்பட்டு, 2006-ல் 'அவர் ஏர்லைன்' (Our Airline) என்ற பெயரில் சேவை மறுபடி தொடங்கியது. 2014-ல் அது 'நவூரு ஏர்லைன்ஸ்' ஆனது. இப்போது பிரிஸ்பேனில் அலுவலகம் வைத்து நடத்துகிறார்கள். பயணிகளை மட்டும் நம்பியிராமல், விமானத்தை வாடகைக்கு விடுகிறார்கள். சரக்குக்கென்றே தனி விமானமும் ஓட்டுகிறார்கள். அந்த வருமானமும் சேர்ந்துதான் தீவுக்கான சேவையைத் தாங்குகிறது.