கண்ணுக்கு இசையும் பக்கம்

கண்டியிலிருந்து குருணாகல் செல்லும் வீதியில் கலகெதர உள்ளது. அங்கே என் பெரியம்மா வசிக்கின்றார், ஓய்வுபெற்ற தமிழாசிரியை. சென்ற தைப்பொங்கலன்று அவரைக் காணச் சென்றபோது, கைத்தொலைபேசியில் கட்டுரையொன்றைப் படித்துக்கொண்டிருந்தார். கண்பார்வை மங்கியமையால் இரு விரல்களால் எழுத்தைப் பெரிதாக்கினார். எழுத்துப் பெருத்தது, வரியின் பிற்பாதியோ திரைக்கு வெளியே போயிற்று. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இடமும் வலமுமாய் இழுத்துச் சலித்து, “தம்பி, நீயே வாசித்துச் சொல்” என்றார். பிறருக்கு வாசிக்கக் கற்பித்தவர் அவர்!

இணையத்தளம் அமைப்பதே என் தொழில். அன்றிரவு நான் அமைத்த தளங்களைச் சோதித்தேன். இரண்டில் அதே பிழை இருக்கக் கண்டு நாணினேன்.

தேசப்படத்தைப் பெரிதாக்கினால் நாற்றிசையும் நகர்த்திப் பார்ப்பது இயல்பே. கண்டி ஒரு புள்ளியாய் இருந்த இடத்தில் கலகெதரச் சந்தி தோன்றும். உரைநடை அத்தகையதன்று. எழுத்து வளருந்தோறும் வரி மடிந்து கீழே இறங்க வேண்டும்; வாசகர் மேலிருந்து கீழாக உருட்டினாற் போதும். திரையின் அகலத்துக்கேற்ப இசையும் பக்க அமைப்பை 2010ஆம் ஆண்டில் ஈத்தன் மார்கோட் என்பார் எடுத்துரைத்தார். உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2018இல் வெளியிட்ட அணுகல் நெறிகளோ, எழுத்தை 400 வீதம் பெரிதாக்கினும் உரையைப் பக்கவாட்டில் நகர்த்த நேரலாகாது என வரையறுக்கின்றன.

இதற்குச் செய்ய வேண்டுவன சிலவே. பத்தியின் அகலத்தை ஓர் எண்ணாற் பூட்டலாகாது. உருட்டும்போது மேலே நிலைத்து நிற்கும் தலைப்புப் பட்டை, பெரிதாக்கிய திரையிற் பாதியை விழுங்கிவிடும்; அப்போது அதனை விடுவித்தல் வேண்டும். வரியின் உயரத்தையும் எழுத்தோடு வளரவிடல் வேண்டும். இன்றேல் தமிழுக்குத் தனித்தீங்கு நேரும்: மேலுள்ள புள்ளி வெட்டுண்டு, ‘க்’ என்பது ‘க’ ஆகிவிடும்.

பிழைகளைத் திருத்திய பின், என் தளத்திலிருந்த கட்டுரையொன்றைப் பெரியம்மாவிடம் காட்டினேன். எழுத்தை வேண்டிய மட்டும் பெரிதாக்கி, இறுதிவரை தாமே வாசித்தார். பாராட்டுவார் என எதிர்பார்த்து நின்றேன்.

“மூன்றாம் பந்தியில் ஒற்றொன்று விடுபட்டிருக்கிறது” என்றார்.

பார்த்தேன். அது திரை வெட்டிய புள்ளியன்று, என் பிழையே.