கணிப்பொறி கண் திறக்க மறுத்தால்...

ஐப்பசி அடைமழைக் காலத்தில் ஒரு மாலை. மஃரிபுத் தொழுகை முடிந்து திட்டக்குடிக் கடைத்தெரு வழியே வந்துகொண்டிருந்தேன். எங்கள் மதரஸாவில் ஓதிச் சென்ற மாணவன் ஒருவன் வழிமறித்து நின்றான். "ஹஜ்ரத், எங்க வீட்டுக் கம்ப்யூட்டர் ரெண்டு நாளா ஓடலை. அம்மா உங்களைக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்றான்.

நான் கலைப் பட்டதாரி. மின்னணுவியல் படித்தவன் அல்லன். ஆயினும் மதரஸா அலுவலகத்தின் பழைய கணிப்பொறியோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டிய அனுபவம் உண்டு. அது ஊரறிந்த செய்தி. எனவே உடன் சென்றேன்.

குடும்பத் தலைவர் வளைகுடா நாட்டில் பணி புரிகிறார். மூத்த மகள் கல்லூரியில் பயில்கிறாள். கோடை முதல் மின்இணைப்பைப் பிடுங்கிப் போட்டு வைத்திருந்த கணிப்பொறியை, கல்வி உதவித்தொகைக்கு மனுச் செய்வதற்காக மீண்டும் இயக்கியிருக்கிறார்கள். கரிய திரையில் இரண்டு வரி ஆங்கிலம் தோன்றியது. அதோடு சரி. பழுது பார்ப்பவர் ஒருவரைத் தொலைபேசியில் கேட்டதற்கு, "ஹார்டு டிஸ்க் போய்விட்டது, வேறு போட்டு எல்லாவற்றையும் புதிதாக ஏற்ற வேண்டும்" என்று பார்க்காமலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

திரைச்சீலைக்கு அப்பாலிருந்து அந்தத் தாய் சொன்னது இது: "புள்ளையோட சான்றிதழெல்லாம் அதுலதான் இருக்கு ஹஜ்ரத். அதையாவது மறுபடி வாங்கிடலாம். எங்க அத்தா மௌத்தாகுறதுக்கு முன்னாடி பேசின பேச்சும் அதுக்குள்ளதான் இருக்கு. வேற எங்கேயும் இல்லை."

இயந்திரத்துக்கு விலை உண்டு. அந்தக் குரலுக்கு விலை ஏது? இத்தகைய இக்கட்டு நாளை நம்மில் எவர் வீட்டிலும் நேரலாம் என்பதனாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

எங்கே நின்றது?

வெகுநாள் அடிக்காத அடிபம்பு உடனே நீர் தருவதில்லை. மேலே ஒரு சொம்பு நீர் ஊற்றி அடித்தால்தான் கீழிருந்து நீர் ஏறும். கணிப்பொறியின் நிலையும் அதுவே. விண்டோஸ் போன்ற இயங்குதளம் ஹார்டு டிஸ்க்கில் உறங்குகிறது. அதை எழுப்பி நினைவகத்துக்குக் கொண்டுவர இன்னொரு சிறு நிரல் தேவை. அந்த ஒரு சொம்பு நீர், மதர்போர்டில் பதித்த சிறு சில்லு ஒன்றில் எப்போதும் தயாராக இருக்கிறது. அதற்கு 'பயாஸ்' என்று பெயர். இந்தத் துயிலெழுப்பும் செயலைத்தான் 'பூட்' ஆதல் என்கிறார்கள். தன் காலணியின் வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்வதைக் குறிக்கும் ஆங்கில வழக்கிலிருந்து பிறந்த சொல் அது.

இச்செயல் நான்கு படிகளில் நடக்கிறது. முதலில் மின்சாரம் வர வேண்டும். அடுத்து, கருவி தன் உறுப்புகளைத் தானே சோதித்துக்கொள்ளும். மூன்றாவதாக, இயங்குதளம் உள்ள வட்டைத் தேடும். இறுதியில் இயங்குதளம் எழுந்து பொறுப்பேற்கும். ஒரு படி நிறைவேறாமல் அடுத்த படிக்குச் செல்லாது.

நம் அண்டை ஊரான விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் பெற்றது. பொம்மை ஒன்று வெடித்துப் போனால், மண் குழைத்ததில் பிழையா, உலர்த்தியதில் பிழையா, சூளையில் பிழையா என்றுதான் பார்க்க வேண்டும். சூளையையே இடித்துக் கட்டுவதில் பொருளில்லை. கணிப்பொறி விஷயத்திலும் முதலில் கேட்க வேண்டியது "என்ன வாங்குவது?" என்பதன்று, "எந்தப் படியில் நின்றது?" என்பதே.

முதற்படி: மின்சாரம்

பொத்தானை அழுத்தியும் விளக்கு எரியவில்லை, விசிறி சுழலவில்லை என்றால் குற்றம் முதற்படியில். சுவர் சாக்கெட்டில் வேறொரு விளக்கைச் செருகிப் பாருங்கள். யு.பி.எஸ்.ஸைத் தவிர்த்து நேரடியாக இணைத்துப் பாருங்கள். பெட்டியின் பின்புறக் கம்பியை நன்கு அழுத்துங்கள். அங்குள்ள சிறு சுவிட்சு அணைந்திருக்கவும் கூடும். பழைய பெட்டிகள் சிலவற்றில் 115, 230 என்று குறித்த சிவப்பு மாற்றியும் இருக்கும். நம் நாட்டுக்கு அது 230இல்தான் நிற்க வேண்டும்.

இவ்வளவுக்கும் அசையவில்லையெனில், சுவரிலிருந்து கம்பியைப் பிடுங்கிவிட்டு, பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்னூட்டம் வடிந்து, சில வேளைகளில் கருவி தானே சீராகிவிடும். அதற்கும் மசியவில்லையென்றால் எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கி பழுதாகியிருக்கலாம். வீட்டு மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டுகளாக மாற்றித் தருவது அதுவே. அதை மாற்றலாம், ஆனால் அதன் உறையைத் திறக்கலாகாது. மின்இணைப்பைத் துண்டித்த பின்னும் அதனுள் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

இரண்டாம் படி: தற்சோதனை

விசிறி சுழல்கிறது; திரை மட்டும் இருண்டு கிடக்கிறது. இந்நிலையில் பலர் மதர்போர்டையே பழிக்கிறார்கள். முதலில் மானிட்டருக்குத் தனி மின்சாரம் வருகிறதா, இடைக்கம்பி இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு செவி கொடுத்துக் கேட்க வேண்டும். சோதனையில் குறை கண்டால் பல கருவிகள் 'பீப்' ஒலியால் அதை அறிவிக்கும். எத்தனை ஒலிக்கு என்ன பொருள் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். எனினும் ஒலி விடாது திரும்பத் திரும்ப வந்தால், பெரும்பாலும் முதலில் ஐயுற வேண்டியது நினைவகப் பட்டையாகிய ராமை.

மின்இணைப்பை அறவே துண்டித்துவிட்டுப் பக்கக் கதவைத் திறங்கள். பெட்டியின் இரும்பை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள்; நம் உடலில் உள்ள நிலைமின்சாரம் சில்லுகளுக்குப் பகை. ராமின் இருபுறக் கொக்கிகளை விலக்கி, பட்டையை எடுத்து, பொன்னிற விளிம்பை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, 'கிளிக்' என்று கேட்கும்வரை மீண்டும் அழுத்துங்கள். இரண்டு பட்டைகள் இருந்தால் ஒவ்வொன்றாக இட்டுச் சோதியுங்கள். ஈரமும் தூசியும் சேர்ந்த மழைக்காலத்தில் இந்த எளிய செயலாலேயே எழுந்த கருவிகள் பல. மதர்போர்டில் நிற்கும் சிற்றுருளைகளின் தலை உப்பியிருந்தால் மட்டும் அதற்கு மேல் நாம் கை வைக்கலாகாது. அது தேர்ந்தவர் வேலை.

மூன்றாம் படி: வட்டைத் தேடுதல்

நான் சென்ற வீட்டுக் கருவி நின்றது இங்கேதான். திரையில் எழுத்துகள் வந்ததால், முதலிரு படிகளும் நிறைவேறின என்பது தெளிவு. அமைப்புக் குறிப்புகள் அழிந்தன என்றது ஒரு வரி. துவங்குவதற்கான வட்டு இல்லை என்றது மறு வரி. செருகியிருந்த பென் டிரைவ் ஒன்றை முதலில் அகற்றினேன்; அதைத் துவக்க வட்டென்று எண்ணி ஏமாறும் கருவிகள் உண்டு. பயன் இல்லை.

மீண்டும் இயக்கி, 'டெலீட்' விசையை விட்டு விட்டு அழுத்தினேன். பயாஸ் பக்கம் திறந்தது. சில கருவிகளில் இதற்கு 'எஃப் 2' விசை. அப்பக்கத்தில் இரண்டு செய்திகளைக் கண்டேன். ஒன்று, ஹார்டு டிஸ்க்கின் பெயர் அங்கே முறையாக இடம்பெற்றிருந்தது. செத்ததென்று தீர்ப்பிடப்பட்ட வட்டு உயிரோடுதான் இருந்தது! மற்றொன்று, நாள் 2012 ஜனவரி 1 என்று காட்டியது.

அந்தத் தேதிதான் குட்டை உடைத்தது. மதர்போர்டில் காசு போன்ற பேட்டரி ஒன்று உண்டு. 3 வோல்ட் ஆற்றலும் 20 மில்லிமீட்டர் விட்டமும் கொண்ட அதன் பெயர் சி.ஆர். 2032. மின்சாரம் இல்லாத வேளையில் கடிகாரத்தை ஓட்டுவதும், பல கருவிகளில் அமைப்புக் குறிப்புகளைக் காப்பதும் அதன் பணி. கருவி சாக்கெட்டில் இணைந்திருக்கும்வரை பேட்டரிக்கு வேலை குறைவு. மாதக்கணக்கில் பிடுங்கிப் போட்டால் அது விரைவில் வற்றிவிடும். வற்றியதும் கருவி தன் பழைய குறிப்புகளை மறந்து, ஆலையில் செய்து அனுப்பிய நிலைக்குத் திரும்புகிறது. அந்த வீட்டுக் கருவியின் வட்டு 'லெகசி' என்னும் பழைய முறையில் துவங்குமாறு அமைக்கப்பட்டது. குறிப்பு அழிந்ததும் கருவியோ 'யு.இ.எஃப்.ஐ.' என்னும் புதிய முறைக்குத் தாவிவிட்டது. வட்டு கண்ணெதிரே இருந்தும் அதற்குத் தெரியாமல் போயிற்று.

மறுநாள் கைக்கடிகாரக் கடையில் அந்தப் பேட்டரியை வாங்கி இட்டோம். சில பத்து ரூபாய்ச் செலவு. தேதியைத் திருத்தி, முறையை லெகசிக்கு மாற்றிச் சேமித்தோம். விண்டோஸ் எழுந்தது.

பயாஸ் சில்லே அழிந்த வரலாறும் உண்டு. தைவான் மாணவர் ஒருவர் 1998இல் உருவாக்கிய 'சி.ஐ.எச்.' என்னும் வைரஸ், 1999 ஏப்ரல் 26 அன்று உலகெங்கும் கணிப்பொறிகளைத் தாக்கியது. வட்டின் தொடக்கப் பகுதியை அழித்ததோடு, பல மதர்போர்டுகளின் பயாஸையும் அது சிதைத்தது. தென் கொரியாவும் துருக்கியும் பெரிதும் பாதிக்கப்பட்டன. அது பம்பையே உடைத்த செயல். நம் வீடுகளில் நேர்வதோ பெரும்பாலும் ஒரு சொம்பு நீர் இல்லாத குறைதான்.

நான்காம் படி: இயங்குதளம்

விண்டோஸ் சின்னம் தோன்றிய பின் நீலத்திரை வந்து நிற்குமாயின், கோளாறு பெரும்பாலும் மென்பொருளில் இருக்கும். இதற்கு உலகறிந்த சான்று 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. க்ரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான கோப்பு ஒன்றால், மைக்ரோசாஃப்ட்டின் கணிப்புப்படி 85 இலட்சம் கணிப்பொறிகள் துவங்க மாட்டாமல் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணச்சீட்டுகளைக் கையால் எழுதித் தந்தார்கள். அவற்றில் ஒரு வட்டும் சாகவில்லை. 'சேஃப் மோடு' என்னும் பாதுகாப்பு முறையில் துவங்கி, அந்த ஒரு கோப்பை நீக்கியதும் கருவிகள் எழுந்தன.

நம் வீட்டிலும் வழி அதுவே. இன்றைய விண்டோஸ், துவக்கம் அடுத்தடுத்துத் தோற்றால் தானாகவே பழுதுநீக்கும் பக்கத்தைக் காட்டும். அதில் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்', 'சேஃப் மோடு' ஆகியவற்றை முயலலாம். 'ரீசெட்' என்பதை மட்டும் அவசரப்பட்டுத் தொடாதீர்கள். 'எல்லாவற்றையும் நீக்கு' என்னும் தெரிவு அதற்குள்தான் இருக்கிறது.

அமானிதம்

வட்டிலிருந்து 'டக் டக்' என்று ஒலி வந்தால் உடனே கருவியை அணைத்துவிடுங்கள். மீண்டும் மீண்டும் இயக்கினால் உள்ளதும் போகும். மற்றபடி, வட்டு நலமாயிருந்து இயங்குதளம் மட்டும் எழவில்லையென்றால், வட்டைக் கழற்றி வேறொரு கணிப்பொறியில் இணைத்துக் கோப்புகளைப் படியெடுக்கலாம். லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவால் கருவியைத் துவக்கியும் எடுக்கலாம். தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தின் விலையில்லா மடிக்கணிப்பொறிகளில், விண்டோஸுடன் 'பாஸ்' என்னும் லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது பலர் நினைவில் இருக்கும். சி-டாக் என்னும் மத்திய அரசு நிறுவனம் உருவாக்கியது அது.

கடைக்குக் கொடுக்க நேர்ந்தால், "கேட்காமல் ஃபார்மட் செய்யக்கூடாது" என்று பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். வீட்டுப் பெண்களின் படங்களும் குடும்பக் கடிதங்களும் வட்டில் இருப்பதை மறவாதீர்கள். இயன்றால் உடனிருந்து பழுது பாருங்கள். அல்லது வட்டைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் அனுப்புங்கள். முதல் மூன்று படிகளின் பெரும்பாலான பழுதுகளுக்கு வட்டு தேவையே இல்லை. வாங்குபவருக்கு அது அமானிதம், ஒப்படைப்பவருக்கோ பொறுப்பு.

அன்று விண்டோஸ் எழுந்ததும் பையன் ஆவலோடு பாட்டனாரின் குரலைத் திறக்கப் போனான். திரைச்சீலைக்குப் பின்னிருந்து தாயின் குரல் அவனைத் தடுத்தது. "முதல்ல பென் டிரைவ்ல ஏத்துடா. அத்தா போனுக்கும் ஒண்ணு அனுப்பு. அப்புறம் கேப்போம்."

அவ்வாறே இரண்டு படிகள் எடுத்தபின் பதிவைத் திறந்தார்கள். நான் விடைபெற்று வாசலுக்கு வந்தபோது, முதியவர் ஒருவர் இருமலுக்கிடையே பேரப்பிள்ளைகளைப் பெயர் சொல்லி ஒவ்வொருவராய் விசாரிப்பது உள்ளே கேட்டுக்கொண்டிருந்தது.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டுக் கணிப்பொறி நன்றாக ஓடுகிறதென்றால், அதுவே தக்க தருணம். இழக்கக் கூடாதவை எவையென்று இன்றே தேர்ந்து, வேறோரிடத்தில் ஒரு படி எடுத்து வையுங்கள்.