இருட்டில் ஒரு சிவப்புப் புள்ளி: வேட்டை அம்பின் வாலில் விளக்கு எதற்கு? வீட்டிலேயே எப்படிச் செய்கிறார்கள்?

நவம்பர் மாதம். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு காடு. சூரியன் இறங்கிக் கால் மணி நேரம் ஆகிவிட்டது. மரத்தில் ஆறு மீட்டர் உயரத்தில் கட்டிய பரணில் ஒருவர் மூன்று மணி நேரமாக அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். இருபது மீட்டர் தொலைவில் ஒரு வெள்ளைவால் மான் வந்து பக்கவாட்டில் நிற்கிறது. நாணை விடுகிறார். 'டப்' என்று ஒரு சத்தம். மான் துள்ளி ஓடுகிறது. சருகு நொறுங்கும் ஒலி கொஞ்ச தூரம் கேட்டு அடங்குகிறது. அவ்வளவுதான். அம்பு எங்கே பட்டது? பட்டதா, இல்லையா? அவருக்கே தெரியாது.

எய்தவருக்கே தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாதுங்க. இன்றைய காம்பவுண்ட் வில்லில் இருந்து கிளம்பும் அம்பு நொடிக்கு 80, 85 மீட்டர் வேகத்தில் போகிறது. இருபது மீட்டரைக் கடக்க கால் நொடிதான். பட்டப்பகலிலேயே அதைக் கண்ணால் தொடர்வது சிரமம். மான்கள் நடமாடுவதோ விடியலிலும் அந்தியிலும். பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பிருந்து, மறைவுக்கு அரை மணி நேரம் பின்புவரை மான் வேட்டைக்கு அனுமதி உண்டு. அந்தக் கடைசி அரை மணி நேர மங்கலில்தான் இந்தச் சின்ன விளக்குக்கு வேலை.

அம்பின் பின்முனையில் நாணைப் பிடித்துக்கொள்ளும் ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். வில்வித்தைக்காரர்கள் அதை 'நாக்' என்பார்கள். நம்ம 'நாக்கு' குறுக்கே வந்து குழப்பும் என்பதால் இங்கே கவ்வி என்றே சொல்லிவிடுவோம். அதற்குள் ஒரு எல்இடி பல்பையும் தீக்குச்சியைவிடச் சற்றே தடித்த பேட்டரியையும் வைத்தால் அது ஒளிரும் கவ்வி. அம்பு நாணை விட்டுப் பிரியும்போது விளக்கு எரியத் தொடங்கும். எய்தவர் கண்ணுக்கு ஒரு சிவப்புக் கோடு பறந்து போய் ஓரிடத்தில் மறைவதோ நிற்பதோ தெரியும்.

குறி பார்க்க அல்ல

இந்த விளக்கு குறி தவறாமல் எய்ய உதவும் என்று பலர் நினைக்கிறார்கள். துளியும் உதவாது. அம்பு போன பிறகுதான் அது எரிகிறது. அதன் பயன் எல்லாம் அதற்கு அப்புறம்.

அம்பு நுரையீரலில் பாய்ந்திருந்தால் மான் பெரும்பாலும் நூறு, நூற்றைம்பது மீட்டருக்குள் விழுந்துவிடும். அரை மணி நேரம் பொறுத்து இறங்கித் தேடினால் போதும். கல்லீரலில் பட்டிருந்தால் நான்கு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். குடலில் பட்டிருந்தால் எட்டு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம்கூட. ஏன் இவ்வளவு பொறுமை? காயம்பட்ட மான் பக்கத்தில் எங்காவது படுத்துக்கொள்ளும். ஆள் அரவம் கேட்டால் எழுந்து ஓடும். குடல் காயத்தில் ரத்தம் அதிகம் சிந்தாது, தடம் இருக்காது. எங்கோ ஒரு புதரில் பல மணி நேரம் துடித்துச் சாகும். யாருக்கும் உணவாகாது.

எங்கே பட்டது என்பதைச் சொல்லும் சாட்சி அம்புதான். வேட்டை அம்பு பெரும்பாலும் உடலை ஊடுருவி அந்தப் பக்கம் தரையில் விழும். அதன் தண்டில் நுரை கலந்த இளஞ்சிவப்பு ரத்தம் இருந்தால் நுரையீரல். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரல். பச்சையாக ஏதோ ஒட்டியிருந்து நாற்றமடித்தால் வயிறு அல்லது குடல். அந்த அம்பை இலையுதிர்காலச் சருகுக்குள் டார்ச் அடித்துத் தேடிப் பாருங்கள், ஊசி தேடுவதெல்லாம் சுலபம் என்று தோன்றும். வாலில் விளக்கு எரிந்தால் நேராகப் போய் எடுத்துவிடலாம்.

இது அபூர்வமாக நடக்கும் விஷயமும் அல்ல. மேரிலாண்டில் ஒரு கடற்படைத் தளத்தில் பயிற்சி பெற்ற வில் வேட்டைக்காரர்களைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வில், அம்பு பட்ட மான்களில் சுமார் 18 சதவீதம் கடைசிவரை கிடைக்கவே இல்லை.

நியாயமா என்ற சண்டை

இருந்தும் இந்த விளக்கை வேட்டைக்காரர்கள் எல்லோரும் வரவேற்கவில்லை. வில்லில் வேட்டையாடுவதே விலங்குக்கு ஒரு வாய்ப்பு கொடுக்கத்தானே, அதில் பேட்டரிக்கு என்ன வேலை என்பது எதிர்த்தவர்களின் கேள்வி. வில் வேட்டைச் சாதனைகளைப் பதிவு செய்யும் 'போப் அண்ட் யங் கிளப்' (1961இல் தொடங்கியது) ஒளிரும் கவ்வியோடு வீழ்த்திய விலங்கை நெடுங்காலம் ஏற்கவில்லை. 2014இல்தான் விதியைத் தளர்த்தியது. ஐடஹோ, ஓரிகன் போன்ற மேற்கு மாநிலங்களும் அம்பில் மின்னணுப் பொருள் எதுவும் கூடாது என்று பல ஆண்டுகள் பிடிவாதமாக இருந்தன.

அந்த கிளப்பின் பெயரில் உள்ள சாக்ஸ்டன் போப் ஒரு அறுவைச் சிகிச்சை மருத்துவர். 1911இல் கலிபோர்னியக் காட்டில் இருந்து தனியாளாக வெளியே வந்த யாஹி பழங்குடி மனிதர் இஷியிடம் வில் செய்யவும் எய்யவும் கற்றவர். இஷி 1916இல் இறந்தார். கையால் செதுக்கிய மரவில்லில் தொடங்கிய ஒரு மரபில் எல்இடி நுழைந்தால் முணுமுணுப்பு வரத்தானே செய்யும். ஆனால் என் கணக்கில், விலங்கைக் கண்டுபிடிக்க உதவும் கருவியையும் கொல்ல உதவும் கருவியையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

நம்ம ஊர் வாசகர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன்படி காட்டு விலங்கு வேட்டை குற்றம். விளையாட்டாக வில்வித்தை பழகுபவர்களுக்கும் இது போட்டியில் செல்லாது. உலக வில்வித்தை அமைப்பின் விதிகள் ஒளிரும் கவ்விகளை அனுமதிப்பதில்லை.

தூண்டில் தக்கையில் இருந்து வந்த யோசனை

கடையில் மூன்று கவ்விகள் கொண்ட பாக்கெட் 30 டாலரை ஒட்டி விற்கிறது. ஆறு அம்பு வைத்திருப்பவருக்கு 60 டாலர். அம்பு தொலைந்தால் அதுவும் போச்சு. அதனால்தான் பலர் வீட்டில் செய்யத் தொடங்கினார்கள். மூலப்பொருள் கிடைத்தது மீன்பிடி சாமான் கடையில்!

இரவில் தூண்டில் போடுபவர்கள் தக்கையின் நுனியில் ஒரு குச்சி விளக்கு செருகுவார்கள். அதில் இருப்பது 'பிஆர்425' என்ற வகை லித்தியம் பேட்டரி. 3 வோல்ட். விட்டம் 4.2 மில்லிமீட்டர், நீளம் 26 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, எடை அரை கிராமுக்குச் சற்று மேல். வேட்டை அம்பின் கார்பன் தண்டு உள்ளே குழாய். பரவலாகப் புழங்கும் அளவில் அதன் உள்விட்டம் 6.2 மில்லிமீட்டர். பேட்டரி தாராளமாக உள்ளே போகும்.

வேலை இப்படிப் போகும். தண்டின் அளவுக்கேற்ற, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கவ்வி ஒன்றை எடுத்து, தண்டுக்குள் செருகும் அதன் காம்பில் 3 மில்லிமீட்டர் துளையிடுகிறார்கள். மெஷின் வேண்டாம், துளையூசியைக் கையால் திருகினாலே போதும், பிளாஸ்டிக் உருகாது. எல்இடியின் அடியில் உள்ள விளிம்பை அரம் வைத்துத் தேய்த்துவிட்டு, ஒரு துளி பசையோடு அந்தத் துளைக்குள் உட்கார வைக்கிறார்கள். பேட்டரியைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருக்குமே, அது ஆடாமல் இருக்க ஹீட் ஷ்ரிங்க் டியூப்பை இரண்டு சுற்றாகப் போட்டு நிரப்புகிறார்கள். பேட்டரியில் நேராகச் சால்டரிங் வைக்கக் கூடாது. லித்தியம், சூடு பட்டால் கசியும், வெடிக்கவும் செய்யும்.

சூட்சுமம் எல்லாம் ஸ்விட்சில்தான். தண்டுக்குள், பேட்டரியின் முன்முனை முட்டி நிற்கும் இடத்தில் ஒரு சிறு மரத்துண்டை எபாக்ஸி வைத்து ஒட்டிவிடுகிறார்கள். கவ்வியை முழுதாக அழுத்தாமல் ஒரு மில்லிமீட்டர் வெளியே விட்டால், எல்இடியின் கால் பேட்டரியைத் தொடாது. நாணை விட்டதும் அது கவ்வியை முன்னே தள்ளும். இடைவெளி மூடும், கால் பேட்டரியைத் தொடும், விளக்கு எரியும். அணைக்க, கவ்வியை ஒரு மில்லிமீட்டர் பின்னே இழுத்தால் போதும். கவ்வி தளர்வாக இருந்தால் நாணில் மாட்டும்போதே எரிந்துவிடும். அதற்கு கேரிபேக்கில் ஒரு சின்னத் துண்டு வெட்டி, காம்பின் மேல் போர்த்திச் செருகுவது பழைய வைத்தியம்.

எந்த நிறம்? இருட்டில் நம் கண்ணுக்குச் சிவப்பைவிடப் பச்சை பளிச்சென்று தெரியும். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. அதனால் வாங்கும் முன் அந்தி நேரத்தில் சொந்தக் கண்ணால் பார்த்துவிடுவதே நல்லது. மானின் கண் சிவப்பை அவ்வளவாக உணராது என்பது இதில் பெரிய விஷயமில்லை. விளக்கு எரியும்போது அம்பு அதன் பக்கத்தில் போய்விட்டிருக்கும்.

அரை கிராம் பேட்டரி, அரைக் கிலோ அடி

வீட்டு மேஜையில் அழகாக எரியும் விளக்கு காட்டில் ஏன் அணைகிறது? ஒரு கணக்கு போடுவோம். நாண் அம்பைத் தள்ளும் தூரம் சுமார் அரை மீட்டர். அதற்குள் வேகம் பூஜ்ஜியத்தில் இருந்து நொடிக்கு 85 மீட்டர் ஆக வேண்டும். அப்படியென்றால் முடுக்கம் புவியீர்ப்பைப் போல 700 மடங்குக்கும் மேல். அரை கிராம் பேட்டரி அந்த நேரத்தில் கிட்டத்தட்ட 400 கிராம் எடையாகப் பின்னே அழுத்தும். இலக்கில் தைத்து நிற்கும்போது அதைவிடப் பெரிய அடி, எதிர்த் திசையில். முன்னே ஒட்டிய மரத்துண்டு அதைத் தாங்காமல் விட்டுக்கொடுத்தால் பேட்டரி நழுவி, இணைப்பு போய்விடும். பறக்கும்போது எரிந்து, பட்டதும் அணைந்துவிடும். வேண்டிய நேரத்தில் இருட்டு. எபாக்ஸி ஒரு நாள் முழுக்கக் காயட்டும் என்று சொல்வது இதனால்தான்.

இதைவிடப் பெரிய ஆபத்து துளையில் இருக்கிறது. நாணின் மொத்த விசையும் கவ்வி வழியாகத்தான் அம்புக்குப் போகிறது. துளை நாண் உட்காரும் பள்ளம்வரை ஆழமாகப் போனால் பிளாஸ்டிக் மெலிந்துவிடும். எய்யும்போது அது உடைந்தால் அம்பு இல்லாமல் நாணை விட்டது போலத்தான். வில்லின் கைகள் நொறுங்கலாம், நாண் முகத்தில் அடிக்கலாம். மெல்லிய கீறல் தெரிந்தாலும் அந்தக் கவ்வியைத் தூக்கிப் போடுங்கள், பத்து ரூபாய் சாமானுக்குக் கண்ணைப் பணயம் வைக்காதீர்கள். குறுக்குவில்லுக்கு வீட்டில் செய்த கவ்வி வேண்டவே வேண்டாம். அதன் விசை இன்னும் பல மடங்கு. எந்த வடிவக் கவ்வி என்பதைத் தயாரிப்பாளரே குறிப்பிட்டிருப்பார், அதைத் தாண்டக் கூடாது.

அடுத்து எடை. சாதாரணக் கவ்வி 0.6 கிராம் இருக்கும். விளக்கு வைத்தது ஒன்றரை கிராமைத் தொடும். ஒரு கிராம்தானே என்று தோன்றும். ஆனால் அது சேர்வது வாலில். 26 கிராம் எடையும் 71 சென்டிமீட்டர் நீளமும் உள்ள அம்பில், சமநிலைப் புள்ளி இதனால் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் பின்னே நகரும். முன்பாரம் குறைந்த அம்பு தள்ளாடும், காற்றுக்கு விலகும். ஒரே ஒரு அம்பில் விளக்கு வைத்துக்கொண்டு, மற்ற அம்புகளில் மாதக்கணக்காகப் பயிற்சி எடுப்பவர்கள் செய்யும் தப்பு இதுதான். எல்லா அம்பும் ஒரே எடையில் இருக்க வேண்டும், அல்லது முனையில் கொஞ்சம் பாரம் கூட்ட வேண்டும்.

இந்த வம்பெல்லாம் வேண்டாம் என்பவர்கள் ஸ்விட்சை மறந்துவிட்டு, எய்வதற்கு முன் கவ்வியை விரலால் அழுத்தி விளக்கை ஏற்றிக்கொள்கிறார்கள். நம்பகமான முறை இது. ஒரே தொல்லை, நாணை இழுத்துப் பிடிக்கும்போது விளக்கு கன்னத்துக்குப் பக்கத்தில் வரும். இருட்டுக்குப் பழகிய கண் கூசி, மான் மங்கிவிடும்.

எந்த முறையாக இருந்தாலும் காட்டுக்குப் போகும் முன் ஒரு சோதனை அவசியம். கூர்முனையைக் கழற்றிவிட்டு அதே எடையுள்ள பயிற்சி முனையைப் போட்டு, நுரை இலக்கில் ஒவ்வொரு அம்பையும் பத்து முறையாவது எய்து பார்க்க வேண்டும். கவ்வி நேராக உட்கார்ந்திருக்கிறதா, பழைய இடத்திலேயே தைக்கிறதா, தைத்த பிறகும் எரிகிறதா. பத்தில் ஒரு முறை அணைந்தாலும் அந்த அம்பு அம்பறாத்தூணிக்குப் போகக் கூடாது, திரும்ப மேஜைக்குத்தான் போக வேண்டும்.