கணக்குத் திரையில் எதைக் காட்டுவது, எதை மறைப்பது?

நமது சங்கங்கள் பலவற்றில் பேரேடும் இருப்புப் பதிவேடும் இப்பொழுது கணிப்பொறியில் எழுதப்படுகின்றன. திரையில் தோன்றும் நீண்ட பட்டியலைக் கண்டு புதிய எழுத்தர் மலைப்பதும், வேண்டாதவற்றை எடுத்துவிடும்படி காரியதரிசியைக் கேட்பதும் இயல்பே. எடுத்துவிடவும் இயலும். ஆயினும், அவ்வாறு எடுக்கும்போது மறைவது வெறும் பெயர்தானா, கணக்கின் ஒரு பகுதியா என்பதை அங்கத்தினர் அறிந்திருத்தல் அவசியம்.

2020-ஆம் ஆண்டு முதல் டேலி பிரைம் என்ற பெயரில் வழங்கும் கணக்கு மென்பொருளை உதாரணமாகக் கொள்வோம். அதில் எஃப் 11 என்னும் விசையை அழுத்தினால் வசதிகளின் பட்டியல் ஒன்று வரும். பில்வாரிக் கணக்கு, செலவு மையம், சரக்குத் தொகுதி, வட்டிக் கணக்கு, சம்பளப் பட்டியல், சரக்கு சேவை வரி ஆகிய ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று குறிக்கலாம். ‘ஆம்’ என்றால் அதற்குரிய இனங்கள் திரையில் தோன்றும்; ‘இல்லை’ என்றால் மறையும். சம்பளப் பட்டியலைத் தனிப் பதிவேட்டில் எழுதிவரும் சங்கத்துக்கு அவ்வினம் திரையில் இருக்க வேண்டியதில்லை. இத்தகைய மறைப்பினால் வேலை எளிதாகும், பிழையும் குறையும்.

பில்வாரிக் கணக்கின் நிலை வேறு. ஒரு நெசவாளர் சங்கம் ஒரு வியாபாரிக்கு மூன்று முறை சேலை அனுப்பி, ஒவ்வொன்றும் ரூ. 40,000-க்கு மூன்று பில்கள் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் ரூ. 60,000 செலுத்துகிறார். பில்வாரிக் கணக்கு இருந்தால், எந்தப் பில் தீர்ந்தது, எது எத்தனை நாளாக நிற்கிறது என்பது நிலுவை அறிக்கையில் தெரியும். ‘இல்லை’ என்று குறித்திருந்தாலோ, பாக்கி ரூ. 60,000 என்பது மட்டுமே தெரியும். எவ்வளவு காலப் பாக்கி என்று தெரியாமல் வசூலை வற்புறுத்துவது எங்ஙனம்? வசூல் தாமதித்தால் தறிக்காரரின் கூலியும் அல்லவா தாமதிக்கும்?

பின்னர் ‘ஆம்’ என்று மாற்றினால் போதாதோ எனலாம். போதாது. இடைக்காலத்தில் பதிந்த வரவுகளில் பில் எண் கேட்கப்படவே இல்லை. அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து எண்ணைச் சேர்த்தாலன்றி அறிக்கை சரிவராது. மறைத்ததனால் பழைய கணக்கு அழியவில்லை. புதிய கணக்குதான் குறையாக எழுதப்பட்டுவிட்டது.

விவசாயிகள் சங்கத்திலும் இதே நியாயந்தான். பூச்சி மருந்துக்குத் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் உண்டு. தொகுதி வசதியை மறைத்துவிட்டால், சரக்கு வரும்போது அத்தேதியை எழுத இடமே இராது. முன்னே வந்த சரக்கு பின்னே தங்கி, காலங்கடந்த மருந்து விவசாயியின் கைக்குப் போய்ச் சேரக்கூடும்.

எழுத்தர் ஒருவருக்குச் சில இனங்கள் வேண்டாமென்றால், சங்கம் முழுவதற்கும் அவற்றை மறைக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் இரகசியச் சொல்லும் அளித்து, இன்னார் இன்னதைச் செய்யலாம், இன்னதைச் செய்யலாகாது என்று வரையறுக்க இம்மென்பொருளிலேயே வழியுண்டு. விற்பனை எழுத்தர் பில் மட்டும் போடலாம். காரியதரிசி யாவற்றையும் பார்க்கலாம்.

ஆகவே நிர்வாகக் குழுவினர் மூன்று காரியங்களைக் கவனித்தல் நலம். முதலாவது, எவ்வெவ் வசதிகள் ‘ஆம்’, எவை ‘இல்லை’ என்பதை ஒரு தாளில் எழுதித் தீர்மானப் புத்தகத்தில் சேர்க்க வேண்டும். இரண்டாவது, மாறுதல் செய்யும் உரிமை ஒருவரிடமே இருக்க வேண்டும்; மாற்றிய தேதியும் காரணமும் பதியப்பட வேண்டும். மூன்றாவது, எதையேனும் மறைக்குமுன், அதனால் எந்த அறிக்கை நின்றுபோகும், எந்த விவரம் எழுதப்படாமற் போகும் என்று கேட்டறிய வேண்டும்.

பொதுக்குழுவில் வரவு செலவைக் கேட்கும் உரிமை அங்கத்தினர் அனைவருக்கும் உண்டு. அடுத்த கூட்டத்தில் இக்கேள்வியையும் சேர்த்துக் கேட்பார்களாக: நமது கணக்கில் எது மறைக்கப்பட்டிருக்கிறது?