எண்ணெயும் நீரும் சொல்லித்தரும் பாடம்

பனிக்கால விடுமுறையிலே பிள்ளைகளை வீட்டினுள் வைத்துச் சமாளிப்பது எத்துணை கடினமென்பதைப் பெற்றோர் அறிவர். ஒற்றை அறை வீட்டிலும் அகதிகள் விடுதியிலும் வாழ்வோருக்கு இது இன்னும் பெருஞ் சோதனை. வெளியே குளிர், உள்ளே தொலைக்காட்சி. சமையலறைப் பொருட்களைக் கொண்டே இப்பொழுதைப் பயனுறக் கழிக்க ஒரு வழியுண்டு.

கண்ணாடிக் குடுவையினுள் வண்ண மெழுகு உருண்டு திரண்டு எழுவதும் தாழ்வதுமான விளக்குகளைக் கடைகளிற் கண்டிருப்பீர்கள். எரிமலைக் குழம்பை நினைவூட்டுவதால் இது லாவா விளக்கு எனப்படுகின்றது. இங்கிலாந்தைச் சேர்ந்த எட்வர்ட் கிறேவன் வோக்கர் என்பவர் 1963 ஆம் ஆண்டில் இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அடியிலுள்ள மின்குமிழின் வெப்பத்தால் மெழுகு உருகி விரிவடைகின்றது. சுற்றியுள்ள திரவத்திலும் இலேசாகி மேலெழுகின்றது. மேலே குளிர்ந்து சுருங்கி மீண்டும் கீழிறங்குகின்றது. இதே காட்சியை வெப்பமின்றி வீட்டிலே உருவாக்கலாம்.

தேவையானவை: அரை லீற்றர் கொள்ளும் தெளிவான போத்தல், நீர், சூரியகாந்தி எண்ணெய், உணவுக்கு இடும் வண்ணம், நீரிலிட்டதும் நுரைத்துக் கரையும் விற்றமின் சி குளிசை ஒன்று.

போத்தலின் காற்பங்கிற்கு நீரை ஊற்றுக. அதன்மேல் எண்ணெயை மெதுவாக ஊற்றி, வாயருகே நான்கு விரல் அளவு இடம் விடுக. இரண்டும் பிரிந்து அடங்கியபின் வண்ணத்தில் பத்துத் துளிகள் விடுக. துளிகள் எண்ணெயில் கரையாது முத்துக்களாக இறங்கி, நீரை அடைந்ததும் பரவுவதைப் பிள்ளைகள் வியப்புடன் நோக்குவர். பின்னர் குளிசையில் பாதியை இடுக. அறை விளக்கை அணைத்து, போத்தலின் பின்னால் ரோர்ச் ஒளியைப் பாய்ச்சினால் வண்ணக் குமிழிகளின் நடனம் ஆரம்பமாகும்.

இனிப் பிள்ளையின் கேள்விகள் தொடங்கும். "அம்மா, ஏன் எண்ணெய் மேலே நிற்குது?"

இங்கேதான் பெற்றோர் பலர் தயங்குகின்றனர். "எனக்கு இந்த நாட்டுப் பாஷை தெரியாது" என்று ஒதுங்குகின்றனர். நாளடைவில், பெற்றோருக்கு எதுவும் தெரியாது என்ற எண்ணம் பிள்ளையின் மனதில் வேரூன்றிவிடுகின்றது. ஆனால் எம்மிற் பலர் ஊரிலே தமிழ்மொழி மூலம் விஞ்ஞானம் கற்றவர்கள். கற்ற அறிவு எங்கும் போய்விடவில்லை. அதனைத் தமிழிலேயே சொல்லுங்கள்.

ஒரு லீற்றர் நீரின் நிறை ஏறத்தாழ 1000 கிராம். அதே அளவு சூரியகாந்தி எண்ணெயின் நிறை ஏறத்தாழ 920 கிராம். எண்ணெயின் அடர்த்தி குறைவு. ஆகவே அது மேலே மிதக்கின்றது. குழம்பின்மேல் எண்ணெய் மிதப்பதும் இதனாலேயே. நீர் மூலக்கூறுகள் முனைவுத்தன்மை கொண்டவை. ஒன்றையொன்று வலுவாகக் கவர்கின்றன. எண்ணெய்க்கு அத்தன்மை இல்லாமையால் இரண்டும் கலப்பதில்லை.

குளிசையில் சோடியம் இருகாபனேற்றும் சித்திரிக் அமிலமும் உண்டு. உலர்ந்த நிலையில் இவை அமைதியாக இருக்கும். நீரிற் கரைந்ததும் தாக்கமுற்றுக் காபனீரொட்சைட்டு வாயுவை வெளிவிடும். வாயுக் குமிழிகள் வண்ண நீர்த்துளிகளைச் சுமந்து மேலெழும். மேற்பரப்பில் வாயு பிரிந்துவிட, பாரமான நீர்த்துளி தனித்துக் கீழிறங்கும்.

"அடர்த்தி" என்று நீங்கள் கூற, ஜேர்மனியிற் கற்கும் பிள்ளை "டிஹ்டே" என்னும். பிரான்சிற் கற்கும் பிள்ளை "டான்சித்தே" என்னும். இரு சொற்களையும் ஒரே தாளில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். அன்று பிள்ளைக்கு ஒரு தமிழ்ச் சொல்லும் உங்களுக்கு ஒரு புதிய சொல்லும் சேரும்.

இன்னொரு கேள்வியையும் எழுப்பலாம். தேங்காயெண்ணெயை ஏன் பயன்படுத்தவில்லை? அது ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும். ஊரிலே போத்தலிலிருந்து ஓடிய எண்ணெயை இங்கு குளிர்காலத்தில் கரண்டியால் தோண்ட வேண்டியிருப்பது இதனாலேயே.

சில எச்சரிக்கைகள்: குளிசை நுரைக்கும்போது போத்தலை மூடலாகாது, வாயு அமுக்கத்தால் அது வெடிக்கக்கூடும். போத்தலில் உள்ளதைப் பருகலாகாது. குளிசைகளைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கடையில் வாங்கிய விளக்கை ஒருபோதும் அடுப்பிற் சூடாக்காதீர்கள். 2004 இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் அவ்வாறு செய்த இளைஞர் ஒருவர், அது வெடித்ததால் உயிரிழந்தார்.

ஆட்டம் ஓய்ந்ததும் எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். குமிழிகள் முற்றாக அடங்கியபின் போத்தலை மூடி வையுங்கள். மறுநாள் எஞ்சிய பாதிக் குளிசையை இட்டால் குமிழிகள் மீண்டும் எழும். இம்முறை விளக்கத்தைப் பிள்ளை கூறட்டும், நீங்கள் கேளுங்கள்.