கண் பிதுக்கமும் முப்பது நாள் லீவும்

நம் ஊர்ப்பக்கம் கண் பெரிதாக உள்ளவர்களை ‘முண்டக்கண்’ என்று கேலி பேசுவது வழக்கம். பிறவியிலேயே அப்படி இருந்தால் அது நோயல்ல. ஆனால் முப்பது, நாற்பது வயது வரை சாதாரணமாக இருந்த கண்கள் ஆறேழு மாதத்தில் வெளியே தள்ளிக்கொண்டு வந்தால், அது கண்ணேறும் அல்ல, தூக்கக் குறைவும் அல்ல. பெரியவர்களுக்கு இப்படி வருவதற்கு முதல் காரணம் தைராய்டு சம்பந்தப்பட்ட நோய்தான்.

இதற்கு மருந்தும் உண்டு, ஆபரேஷனும் உண்டு. எதை எப்போது செய்வது என்பதில்தான், லீவுக்கு மட்டும் ஊருக்குப் போகிற நம் போன்ற குடும்பங்கள் தடுமாறிப் போகின்றன. நான் டாக்டர் அல்ல. எங்கள் மைனிக்கு இந்த நோய் வந்தபோது கூடவே அலைந்து, கேட்டுத் தெரிந்துகொண்டதை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

எங்கள் வீட்டில் நடந்தது

எங்களுக்குச் சொந்த ஊர் நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் கோட்டுகால். 1956 நவம்பர் 1-ல் எல்லை பிரித்தபோது விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போயிற்று, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. வீட்டில் தமிழும் வெளியே மலையாளமுமாக வாழ்கிற குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று.

அண்ணன் வளைகுடாவில் வேலை. மைனி ஊரில். முதலில் அவருக்குக் கண் உறுத்தல், நீர் வடிதல், காலையில் இமை வீக்கம். பக்கத்து டவுனில் ஒரு கிளினிக்கில் அலர்ஜி என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். மாதங்கள் போயின. உடம்பு மெலிந்தது, நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது. கண்ணை மூடித் தூங்கினாலும் வெள்ளை விழி தெரிந்தது. ஊரில் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்கள். மைனியோ கல்யாணம், காதுகுத்து என்று எதற்கும் வெளியே வருவதை நிறுத்திக்கொண்டார்.

அண்ணன் லீவில் வந்து பார்த்துத் திகைத்துப் போனார். திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய டாக்டரிடம் கூட்டிப் போனோம். “எனக்கு முப்பது நாள் லீவுதான் சார். அதுக்குள்ள ஆபரேஷனை முடிச்சுத் தந்திருங்க” என்றார் அண்ணன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: “உங்க லீவைப் பார்த்து இந்த நோய் அடங்காது. இப்ப கத்தி வைக்கிற நேரமில்லை.” அண்ணனுக்குக் கோபம்தான் வந்தது. டாக்டர் சொன்னதில் இருந்த நியாயம் எனக்கும் பிறகுதான் விளங்கியது.

கண் ஏன் பிதுங்குகிறது?

தைராய்டு என்பது கழுத்தின் முன்புறம் உள்ள சுரப்பி. நம் உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, சிலருக்கு ஆள் தெரியாமல் இந்தச் சுரப்பியையே தாக்கித் தூண்டிவிடுகிறது. டப்ளினைச் சேர்ந்த ராபர்ட் கிரேவ்ஸ் 1835-லும், ஜெர்மனியின் பாசெடோ 1840-லும் இதை விவரித்தார்கள். அதே எதிர்ப்புச் சக்தி கண்ணுக்குப் பின்னால் உள்ள தசையையும் கொழுப்பையும் தாக்கும்போது அவை வீங்குகின்றன.

கண் இருக்கும் குழி எலும்பால் ஆன கூடு. அதன் கொள்ளளவு சுமார் 30 மில்லி லிட்டர்தான். உள்ளே வீங்கினால் எலும்பு விரியாது, ஆகவே கண் முன்னால் தள்ளப்படுகிறது. தசை விறைப்பதால் ஒன்று இரண்டாகத் தெரிகிறது. பின்னால் உள்ள பார்வை நரம்பு நசுங்கினால் பார்வையே போகலாம்.

இது பெண்களுக்கு அதிகம் வருகிறது, ஆண்களுக்கு வந்தால் கடுமையாக வருகிறது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த மூத்த புஷ்ஷின் மனைவி பார்பராவுக்கு 1989-ல் கிரேவ்ஸ் நோய் என்று தெரிந்தது, கண்களும் பாதிக்கப்பட்டன. 1991-ல் கணவருக்கும் அதே நோய் வந்தது. இந்த நோயிலிருந்து மீண்ட கெயில் டெவர்ஸ் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வாங்கினார். ஆகவே இதில் வெட்கப்பட்டு ஒளிய ஒன்றுமில்லை.

ஏன் காத்திருக்க வேண்டும்?

இந்தக் கண் நோய்க்கு இரண்டு பருவம் உண்டு. முதலில் கனன்று எரியும் பருவம். கண் சிவந்து, வலித்து, மாதத்துக்கு மாதம் மாறும். பெரும்பாலோருக்கு இது ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை நீடிக்கும். பிறகு தானே அடங்கும். அடங்கினாலும் வீங்கித் தடித்தவை முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

எரியும்போது ஆபரேஷன் செய்தால், இன்று சரிசெய்த கண் நாளை மறுபடியும் மாறிவிடும். அதனால் அந்தப் பருவத்தில் தைராய்டைக் கார்பிமசோல் போன்ற மாத்திரையால் கட்டுப்படுத்தி, தேவைப்பட்டால் ஊசி வழியாக ஸ்டீராய்டு கொடுத்து, கண்ணீர் போன்ற சொட்டு மருந்தால் விழியை ஈரமாக வைத்திருக்கிறார்கள். கதிரியக்க அயோடின் கொடுப்பதானால் சிலருக்குக் கண் மோசமாகக்கூடும். ஆகவே கண் நிலைமையைத் தைராய்டு டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 2020-ல் டெப்ரோட்டுமுமாப் என்ற புது ஊசி மருந்துக்கு அனுமதி கிடைத்தது. பலருக்குப் பிதுக்கமே குறைகிறது, ஆனால் விலை மிக அதிகம், காது கேட்பதைப் பாதிக்கவும் கூடும்.

கண் ஆறு மாதமாவது மாறாமல் நின்ற பிறகே சாதாரணமாக ஆபரேஷன். இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. பார்வை மங்கினாலோ, சிவப்பு நிறம் வெளிறித் தெரிந்தாலோ, இமை மூடாமல் கருவிழி புண்ணானாலோ ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அதிக அளவு ஸ்டீராய்டு கொடுத்தும் பார்வை நரம்பின் நசுக்கம் குறையாவிட்டால் உடனே ஆபரேஷன் செய்வார்கள்.

ஆபரேஷன் என்ன?

பலர் நினைப்பதுபோல் கண்ணை வெளியே எடுத்துத் திரும்ப வைப்பதில்லை. கண்குழியின் எலும்புச் சுவரில் ஒரு பகுதியை எடுத்து, வீங்கியவற்றுக்கு இடம் கொடுக்கிறார்கள். மூக்குப் பக்கத்துச் சுவர் காகிதம் போல மெல்லியது, அதற்கப்பால் காற்றறைகள்தான். 1911-ல் டோலிங்கர் வெளிப்பக்கச் சுவரை எடுத்தார். 1931-ல் நாஃப்சிகர் மண்டை ஓட்டைத் திறந்து மேற்கூரையை எடுத்தார். 1957-ல் வால்ஷும் ஓகுராவும் கன்னத்துக் காற்றறை வழியாகச் செய்தார்கள். 1990 முதல் மூக்கு வழியாக எண்டோஸ்கோப் விட்டுச் செய்யும் முறையும் வந்தது. இப்போது பெரும்பாலும் இமைக்குள்ளேயோ மடிப்பிலேயோ கீறுவதால் தழும்பு அதிகம் தெரிவதில்லை.

எத்தனை சுவர், எவ்வளவு கொழுப்பு எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்துக் கண் சில மில்லிமீட்டர் உள்ளே போகும். கேட்கச் சிறிது, முகத்தில் பெரிய மாற்றம். ஆனால் புதிதாக இரட்டைப் பார்வை வரலாம், கன்னம் மரத்துப் போகலாம், மிக அபூர்வமாகப் பார்வை பறிபோகவும் கூடும்.

வரிசையும் முக்கியம். முதலில் எலும்பு, பிறகு இரட்டைப் பார்வைக்குத் தசை, கடைசியில் இமை. எலும்பை எடுத்தால் தசையின் நிலையும் இமையின் உயரமும் மாறும் என்பதால் இதை மாற்றிச் செய்ய முடியாது. எல்லோருக்கும் மூன்றும் தேவைப்படுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் இடையில் மாதக்கணக்கில் இடைவெளி வேண்டும். முப்பது நாளில் எப்படி முடியும்?

மைனிக்கு மருந்திலேயே ஒன்றரை ஆண்டு போயிற்று. பிறகு இரண்டு கண்ணுக்கும் எலும்பு ஆபரேஷன். சில வாரம் படி இறங்கும்போது படி இரண்டாகத் தெரிந்தது, அது தானாகவே சரியாயிற்று. அடுத்த ஆண்டு மேலிமை. கல்யாண வீட்டுக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு வந்த அன்று, அதை அவரே அண்ணனுக்குப் போனில் சொன்னார்.

வாசகர்கள் கவனத்துக்கு

ஊரில் யாருக்காவது கண் பிதுங்குவதாகக் கேள்விப்பட்டால், பழைய புகைப்படத்தையும் புதிய புகைப்படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். அது சரியாக இருந்தாலும் இந்த நோய் இருக்கலாம் என்பதால் கண் டாக்டரையும் பார்க்க வேண்டும். ஒரு கண் மட்டும் பிதுங்கினால் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது அவசியம்.

புகை பிடிப்பவருக்கு இந்த நோய் கடுமையாகும், சிகிச்சையும் சரியாகப் பிடிக்காது. பிடிப்பவர் நோயாளியானால் அன்றே நிறுத்த வேண்டும். வீட்டில் மற்றவர்களும் அவர் பக்கத்தில் புகைக்கக் கூடாது.

கண்குழி ஆபரேஷனுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, ஹைதராபாத் எல்.வி. பிரசாத் ஆகிய கண் மருத்துவமனைகளில் அதற்கான தனிப் பிரிவுகள் இருக்கின்றன. முதல் தடவை போகும்போதே சிகிச்சை முழுவதற்குமான காலத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் லீவு எந்தக் கட்டத்துக்குத் தேவைப்படும் என்பதை அதைப் பார்த்துத் தீர்மானியுங்கள். மற்ற நாட்களில் நோயாளியுடன் ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஊரில் ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டுக் கிளம்புங்கள்.