வாசல் விளக்குக்கு எந்த நிறம்?

கார்த்திகை பிறந்துவிட்டால் வடகிழக்குப் பருவமழையும் கூடவே இருக்கும். அகலில் திரி போட்டு வாசலில் வைத்தால் ஈரக்காற்றில் நிற்பதில்லை. அதனால் பேட்டரி அகல்களுக்கும் கண்ணாடிக் கூண்டு லாந்தர்களுக்கும் இப்போது நல்ல கிராக்கி. எண்ணெய்ச் செலவில்லை, ஒயர் இழுக்கும் வேலையில்லை, தீப்பிடிக்கும் பயமும் இல்லை. திண்ணையிலோ போர்டிகோ படியிலோ நாலு விளக்கு வைத்தால் வீட்டுக்கே தனிக் களை வந்துவிடும். கடையில் நாம் வடிவத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறோம். முதலில் பார்க்க வேண்டியது ஒளியின் நிறம்.

வீட்டில் எரியும் வெள்ளை எல்இடி பெரும்பாலும் உள்ளுக்குள் நீலம்தான். நீல ஒளி உமிழும் சில்லின் மேல் பாஸ்பர் பூச்சு இருக்கும். அது நீலத்தின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றுகிறது. மிச்ச நீலமும் மஞ்சளும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீல எல்இடியை உருவாக்கியதற்காக இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, சுஜி நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

பூச்சை மாற்றினால் நிறம் மாறும். அதைக் குறிப்பதுதான் பெட்டியில் அச்சிட்டிருக்கும் கெல்வின் எண். மெழுகுவர்த்திச் சுடர் சுமார் 1,900 கெல்வின். ‘வார்ம் ஒயிட்’ 2,700 முதல் 3,000 வரை. ‘கூல் டேலைட்’ 6,500. எண் ஏற ஏற ஒளியில் நீலம் கூடும். இரவில் நீலம் கூடினால் உடல் அதைப் பகல் என்று எடுத்துக்கொண்டு, உறக்கத்துக்கு உதவும் மெலட்டோனின் சுரப்பைக் குறைக்கிறது.

பூச்சித் தொல்லைக்கும் நிறத்துக்கும் தொடர்பு உண்டு. விளக்கின் மேலுள்ள ஆசையால் பூச்சிகள் வருவதாக நினைக்கிறோம். 2024-இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு வேறு காரணம் சொன்னது. பறக்கும் பூச்சிகள் பல, வெளிச்சம் இருக்கும் பக்கம் முதுகைத் திருப்பிக்கொள்கின்றன. இரவில் தரையைவிட வானம்தான் வெளிச்சம் என்பதால், மேல் எது கீழ் எது என்று இப்படித்தான் அவற்றுக்குப் பிடிபடுகிறது. பக்கத்தில் விளக்கு எரிந்தால் முதுகு அந்தப் பக்கம் சாய்ந்து, பறக்கும் பாதை வளைந்து, அதையே சுற்றிச் சிக்கிக்கொள்கின்றன. பெரும்பாலான பூச்சிகளின் கண்ணுக்குப் புறஊதாவும் நீலமும் பச்சையும் நன்றாகத் தெரியும், செம்மஞ்சள் மங்கல்தான். மழை விட்டதும் ஈசல் கிளம்பும் ஊர்களில் மஞ்சள் ஒளியே வாசலுக்கு ஏற்றது.

அடுத்தது வைக்கும் இடம். பழைய வீடுகளில் சுவரில் மாடம் விட்டு விளக்கு வைத்தார்கள். காற்றுக்கு மறைவு கிடைத்தது. சுடர் கண்ணில் அடிக்காமல், சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி வாசலில் பரவியது. லாந்தருக்கும் அதே கணக்குதான். கண்மட்டத்துக்குக் கீழே, சுவரை ஒட்டி, சிறியதாகப் பல வையுங்கள். ஒரே பெரிய விளக்கு கண்ணைக் கூசவைத்து, படியையும் கேட்டையும் இன்னும் இருட்டாகக் காட்டும். சாரல் படும் இடமென்றால் ‘ஐபி44’ குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்பது அதன் பொருள்.

வெள்ளை எல்இடி எரிய ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். ஒரு பென்சில் செல் 1.5 வோல்ட்தான் தரும் என்பதால் இரண்டு, மூன்று செல்களை வரிசையாகப் போடுகிறார்கள். 2,000 மில்லி ஆம்பியர்-மணி செல்கள் போட்ட லாந்தர் 20 மில்லி ஆம்பியர் எடுத்தால் சுமார் 100 மணி நேரம் எரியும். இரவுக்கு 6 மணி நேரம் என்றால் இரண்டு வாரத்துக்கு மேல் வரும். பழைய செல்லோடு புதியதைக் கலந்து போடாதீர்கள். முதலில் தீர்ந்த செல் கசிந்து தகட்டை அரித்துவிடும். பண்டிகை முடிந்ததும் செல்களைக் கழற்றிவைப்பது நல்லது.

சின்ன அகல்களில் இருப்பது காசு வடிவ லித்தியம் செல். குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்திலேயே திசுவைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு, மூடியில் திருகாணி உள்ள விளக்கை மட்டுமே வாங்குங்கள்.